மலைக்குத் தத்துக் கொடுத்த பிள்ளையும் ரிஜிஸ்தர் ஆபீசும்

தணிகைவேலன் துணை.

என் கண்ணு வள்ளிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். நைனாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது அவர் பேச்சைக் கேட்கிறதில்லை என்பதால் அதைத் தனிக் கணக்கில் எழுதிவிட்டோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு பச்சைக் குழந்தையைத் தத்து எடுக்கப்போகிறீர்கள் என்று படித்ததும் நான் விளக்கேற்றப் போனேன். உன் நைனா யாரும் கேட்காமலேயே தெருவில் இறங்கி எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நீ எழுதியிருப்பதெல்லாம் காகிதத்தைப் பற்றிய புலம்பல். வக்கீல் ஒன்று கேட்கிறார், ஆஸ்பத்திரியில் வேறொன்று கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு உன் காபியைக் குடித்துவிட்டு மூன்றாவது ஒன்றைக் கேட்கிறார். "நீங்க என்னை எடுத்தப்ப இவ்ளோ தொல்லை இருந்திருக்காதும்மா, அந்தக் காலம் சுலபம்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். குடித்துக்கொண்டிருந்த மோர் மூக்கில் ஏறிவிட்டது. தலையில் தட்டித்தான் இறக்கினேன்.

நீ சரோஜா சின்னம்மா பெற்ற பிள்ளை என்பது உனக்கு நடை பழகும்போதே தெரியும். அதை நாங்கள் ஒளித்ததில்லை. ஆனால் ரிஜிஸ்தர் ஆபீசில் அன்று நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் உன் நைனா எழுந்து நின்று நடித்துக் காட்டுவார், அப்புறம் அது அவர் கதையாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நீ இப்போது அதே வாசலில் நிற்கிறாய் என்பதால் எழுதுகிறேன்.

சரோஜா என் சித்தி மகள். ஆர்.கே.பேட்டையில் அவளும் முனுசாமியும் தறி போட்டிருந்தார்கள். நூல் கிடைக்காமல் தறி அடிக்கடி நின்றது. நாலு பிள்ளைகள், ஐந்தாவதாக நீ வயிற்றில். பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் பவர்லூமில் வேலை இருக்கிறது, ஒரே அறையில் மூன்று குடும்பம் இருக்க வேண்டும் என்று முனுசாமிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏழாம் மாதம் சரோஜா நம் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பிள்ளை தங்காமல் போனது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, இது உனக்கு" என்றாள். எது என்று குழம்புக் கரண்டியோடு நின்றேன். வயிற்றைக் காட்டினாள். "பாவா கைல சொல்லு. அப்பறம் நா மனசு மாறிடுவேன்" என்றாள். அவள் பாவா என்று கூப்பிடுகிற உன் நைனா அப்போது திருப்பதி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்துவிட்டார்.

நீ இங்கே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாய். சரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்கமா, பார்க்க வேண்டாம் என்றா, நான் கேட்கவில்லை. ஆயா உன்னைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். நான் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே தணிகை மலைக்குப் போனேன். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில், வந்த பிள்ளையை முதலில் சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும். குருக்கள் பிள்ளையை வாங்கி சன்னிதியில் காட்டி, "இனிமே இது சாமி பிள்ளைம்மா, நீ வளக்கறவ, அவ்ளோதான்" என்று சொல்லித் திருப்பித் தருவார். அப்புறம் கண்ணும் படாது, காற்றும் அண்டாது. வந்தாலும் கேட்க வேண்டிய இடம் அவர். அப்படியே செய்தேன். தத்துக் காணிக்கைக்கு ரசீது கொடுத்தார்கள். எந்த ரசீதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. இறங்கி வரும்போது, பெரிய இடத்தில் பிள்ளையை ஒப்படைத்துவிட்ட நிம்மதி எனக்கு. வளர்க்கிறது மட்டும்தான் என் வேலை, பொறுப்பு அவருடையது.

பொறுப்பு அவருடையதாக இருந்தாலும் பத்திரம் நாம்தான் எழுத வேண்டும் என்று உன் நைனா சொன்னார். சரோஜா குடும்பம் பிவண்டிக்குப் புறப்படுவதற்குள் எழுதிவிட வேண்டும். பெற்றவர்கள் இரண்டு பேரும் நேரில் வந்தால்தான் ரிஜிஸ்தர் ஆகும். இல்லாவிட்டால் அவர்கள் எப்போது திரும்பி வருவார்களோ அப்போதுதான். சரோஜா ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "காகிதம் ஆவலன்னா புள்ள என்னோட வரும்கா. பேருக்கு ஒரு ஊர்ல, பாலுக்கு ஒரு ஊர்ல உடமாட்டேன்." ஆக, ஒரே ஒரு நாள்தான் வாய்த்தது. அது கிருத்திகை நாள். அன்று சாயங்காலம் அரக்கோணத்தில் அவர்களுக்கு பம்பாய் வண்டி. ஊர் முழுக்கக் காவடி, ஊர் முழுக்க விரதம். நீ இதை முதலில் குறித்துக்கொள் கண்ணு: விரதம் இருக்கிற ஆபீசரிடம் காகிதம் கொண்டுபோகாதே. அவர் வயிற்றில் ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தையும் மென்று படிப்பார்.

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் வரதராஜுலு. ஆபீஸ் வராந்தாவில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நம் ஊர் ஆந்திராவை விட்டு மெட்ராஸ் பக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது; தெலுங்கில் எழுதிப் பழகிய கை, தமிழ் எழுத்தும் அவர் கையில் தெலுங்கு எழுத்துப்போல் உச்சியில் தலைக்கட்டு வைத்துக்கொண்டு நிற்கும். அவருடைய தோல்பைக்கு இரண்டு அறை. ஒன்றில் முத்திரைத் தாள், இன்னொன்றில் இன்சூரன்ஸ் ஃபாரம். யாராவது வீடு வாங்கினால் பத்திரத்தை எழுதி முடித்து, மை காய ஊதிவிட்டு, "வீடு இருக்கும், நீங்க இருப்பீங்களா?" என்று மற்ற அறையைத் திறப்பார். அதில் பயந்து கையெழுத்துப் போட்டவர்களில் உன் நைனாவும் ஒருவர். கல்யாணத்துக்கு முன்பே போட்ட பாலிசி அது. நாமினி இடத்தில் அவருடைய அண்ணன், உன் பெத்தநைனா பெயர் இருந்தது. நான் வந்த பிறகும் அதை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. புருஷன் செத்தால் என்ன வரும் என்று கேட்கிற பொம்பளையா நான் என்று இருந்துவிட்டேன். நீ அப்படி இருக்காதே. கேள்.

அன்று வராந்தாவிலேயே வரதராஜுலு இரண்டாவது அறையைத் திறந்தார். குழந்தைக்கு என்று ஒரு பாலிசி இருக்கிறதாம், பொட்டப் பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு ஆகுமாம். நான் கேட்டேன், "எனக்குப் போடக்கூடாதுங்களா? நான் போயிட்டா இதுக்கு யார் பால் கரைப்பாங்க?" அவர் சிரித்தார். "சம்பாதிக்கறவங்களுக்குத்தான்மா பாலிசி. உங்களுக்கு ஏது வருமானம்?" நான் உன் நைனாவைப் பார்த்து, "நாளைலேர்ந்து ஓட்டல்ல சாப்டு பாருங்க, அப்ப தெரியும் என் வருமானம்" என்றேன். நைனா அவசரமாக, "இவ இல்லாம நான் எங்க இருக்கேன் வரதராஜுலு, போட முடியுமான்னு பாருய்யா" என்றார். முடியாதாம். விதியாம். இப்போது மாறியிருக்கிறதா என்று உன் ஏஜென்டைக் கேட்டு எழுது. சரோஜா உன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தறிக்காரி, அறுந்த இழை எது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள், பேசமாட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். ரிஜிஸ்திரார் நெற்றி முழுக்க விபூதி. அவர் மேசைக்கு எதிர் ஜன்னலில் மலை நேராகத் தெரியும்; படிக்கட்டில் மஞ்சள் மஞ்சளாக ஜனம் ஏறுவதும் தெரியும். அவர் பத்திரத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், மனப்பூர்வமாக. நானும் கூடவே படித்துக்கொண்டு வந்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றவள். பொட்டலத்தில் பாதி வாக்கியம் கிழிந்து போயிருக்கும். இருக்கிற பாதியை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற பழக்கம் அப்போது வந்தது. படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் அன்று காரியம் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். "மேற்படி குழந்தை இதற்கு முன் வேறு எவருக்கும் தத்துக் கொடுக்கப்படவில்லை" என்று படித்து நிறுத்தி அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் சரிதானேம்மா?"

"மத்ததெல்லாம் சரிங்க. அது ஒண்ணு மட்டும் சரியில்லைங்க."

வரதராஜுலு என் பக்கம் குனிந்தார். "அம்மா, அது எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா எழுதறது. ஆங்னு சொல்லிட்டு உடுங்க."

"வழக்கமா எழுதினா பொய் நெஜமாயிடுங்களா? கிருத்திகையும் அதுவுமா?"

"யாருக்கும்மா குடுத்தீங்க?" என்றார் ரிஜிஸ்திரார்.

"மலைமேல சாமிக்குங்க" என்று சொல்லி ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் ரசீதை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆபீசர் அதை இல்லை என்று சொல்லமாட்டார். அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்து, அதையும் சத்தமாகப் படித்தார். ஒரு தரம் தத்துப் போன பிள்ளையை மறுபடி தத்து எடுக்க முடியாது. அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டார்.

"சார், சாமிக்குக் குடுத்ததெல்லாம் சட்டத்துல வராதுங்க" என்றார் வரதராஜுலு.

"வராதா? அப்போ அது செல்லாதுன்னு நான் எழுதட்டுமா? ஏய்யா, சாயங்காலம் நான் மலைக்குப் போவணும். அங்க நின்னுகினு இன்னா சொல்றது? முருகா, உனக்குக் குடுத்த புள்ள செல்லாதுன்னு மத்தியானம் கையெழுத்து போட்டேன்னா? நீ சொல்லுய்யா செல்லாதுன்னு. சொல்லு, உன் பேரப் போட்டு எழுதிக்கறேன்."

வரதராஜுலு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் சொல்லலீங்க."

"முனுசாமி, நீ?"

"நமக்கு எதுக்குங்க பெரிய எடத்துப் பொல்லாப்பு."

ரிஜிஸ்திரார் உன் நைனா பக்கம் திரும்பினார். நைனா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "நான் தினோம் மலை ரோட்டுல வண்டி ஓட்டறவன் சார். என்னைக் கேக்காதீங்க."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏங்க, வள்ளியம்மையே கெழங்கு தோண்டின குழியில கெடந்த புள்ளதானே? நம்பிராஜன் எடுத்து வளக்கலையா? அவரு எந்த ஆபீசுல போயி நின்னாரு?" என்று கேட்டேன். "அப்போ ஆபீஸ் இல்லம்மா" என்றார் அவர், நியாயமாகவே. சாமியை விட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரம் அடித்தது. முனுசாமி அதைப் பார்த்தான்.

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள். "இரு இரு. மலைக்குக் குடுத்தது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"எப்போ?"

"நீ படுத்துகினு இருந்தியே, அன்னிக்குத்தான்."

"யாரைக் கேட்டு?" அவள் குரல் ஏறியது. "நான் பெத்துட்டு பச்ச ஒடம்போட கெடக்கறேன், நீ பாட்டுக்குத் தூக்கினு போயி தத்துக் குடுத்துட்டு வந்தியா? எம் புள்ளயக் குடுக்க நீ யாருக்கா?"

ரிஜிஸ்திரார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அப்படிச் சொல்லும்மா! பெத்தவங்கதான் குடுக்க முடியும். இவங்களுக்கு அன்னிக்குக் குடுக்கற அதிகாரமே இல்ல. அதிகாரம் இல்லாதவங்க குடுத்தா குடுத்ததே ஆவாது. அப்போ சாமி மேல குத்தம் இல்ல, சட்டத்து மேலயும் குத்தம் இல்ல. குத்தம் பூரா இந்தம்மா மேலதான்!" என்று சொல்லி, மலையைப் பார்த்துத் தலைக்குமேல் கைகூப்பினார். வரதராஜுலு கூப்பினார். முனுசாமியும் கூப்பினான். தப்பு முருகனுடையது இல்லை, என்னுடையது என்று தெரிந்ததும் ஆபீசுக்கே மூச்சு வந்தது. எனக்கும்தான் வந்தது; நானும் கூப்பினேன். ரசீதை அவர் மறுபடி கண்ணில் ஒற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஆனால் கண்ணு, அந்தப் பேச்சு என்னைக் காப்பாற்றின கையோடு என்னைத் தள்ளியும் விட்டது. நடுவில் என் மடிக்கு மாறியிருந்த உன்னை சரோஜா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். பெற்றவள்தான் கொடுக்க முடியும் என்று ஒரு சர்க்கார் ஆபீசர் எழுந்து நின்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. கொடுக்காமலும் இருக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்.

"கொழந்தையக் கையால குடுத்து வாங்கினீங்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது. சட்டத்தில் அது முக்கியமாம். எழுதினால் மட்டும் போதாது, பெற்றவர்கள் கையிலிருந்து எடுக்கிறவர்கள் கைக்குப் பிள்ளை மாற வேண்டும். "ஆயா குடுத்தாங்க" என்றேன். "ஆயா குடுத்தது சேத்தி இல்லம்மா. இங்கயே குடுங்க, நான் பாக்கறேன்."

சரோஜா அசையவில்லை. முனுசாமி அவள் தோளைத் தொட்டான். "ஏய், வண்டிக்கு நேரமாவுது."

"வண்டி போனா இன்னொரு வண்டி வரும்" என்றாள் அவள், உன்னைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் வரதராஜுலு பக்கம் திரும்பினாள். "ஐயா, பாவா தினோம் மலை ரோட்டுல போறாரு வராரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க இன்சூரன்ஸ் பணம் யாருக்கு?"

"அவங்க அண்ணனுக்கும்மா. அவர் பேருதான் இருக்கு."

"எம் புள்ளைக்கு?"

"அது... மாத்திக்கலாம்."

"மாத்துங்க. மாத்தினப்பறம் குடுக்கறேன்."

இப்போது வரதராஜுலுவுக்கு வியர்த்தது. நாமினி ஃபாரத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மகள் என்று எழுத வேண்டும். பத்திரம் ரிஜிஸ்தர் ஆனால்தான் மகள். பத்திரம் ரிஜிஸ்தர் ஆக சரோஜா பிள்ளையைக் கொடுக்க வேண்டும். ஃபாரத்தில் மகள் என்று எழுதினால்தான் சரோஜா கொடுப்பாள். ரிஜிஸ்திரார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இது இல்லாம அது போட முடியாது." "நான் அது இல்லாம இது எழுத முடியாதுங்க" என்றார் வரதராஜுலு. உன் நைனா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், மலை ரோட்டுல ரெண்டு பஸ் எதிரெதிரா மாட்டிக்கினா, ரெண்டு பேரும் ஆரன் அடிச்சிகினே நின்னா விடியறவரைக்கும் நிக்கணும். ஒருத்தன் ஒதுங்கணும். நான் ஒதுங்கறேன். எழுது வரதராஜுலு, மகள்னு எழுது."

"இன்னும் ஆவலையேங்க."

"எழுதுய்யா. பொய்யாப் போச்சுன்னா நான் ஜெயிலுக்குப் போறேன்."

அப்படித்தான் கண்ணு, சட்டத்துக்கு முன்னாலேயே இன்சூரன்ஸுக்கு நீ மகளாகிவிட்டாய். அதோடு முடியவில்லை. ஃபாரத்தில் பெயர் கேட்டது. பத்திரத்தில் 'பெயர் வைக்கப்படாத பெண் குழந்தை' என்று எழுதி ஒப்பேற்றியிருந்தார்கள். இன்சூரன்ஸுக்கு அது ஆகாதாம். நான் நல்ல நாள் பார்த்து, பெயர் பார்த்து, பாயசம் வரை யோசித்து வைத்திருந்தேன். உன் நைனா என்னைப் பார்க்கவில்லை, சரோஜாவைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா." அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அக்கா சொன்னாளே, குழியிலேர்ந்து எடுத்த புள்ள. அந்தப் பேரே எழுதுங்க. வள்ளி."

"சாமிக்கு மகளா போன புள்ளைக்கு அவரு சம்சாரம் பேரா?" என்று ரிஜிஸ்திரார் பதறினார். பதறிவிட்டு, "சரி சரி, அதான் செல்லாதுன்னு ஆயிடுச்சே" என்று தானே சமாதானமும் ஆகிவிட்டார்.

பிள்ளை மைனர் என்பதால் பணத்தை வாங்கி வைக்க ஒரு பெரியவர் பெயர் வேண்டுமாம். வரதராஜுலு வழக்கம்போல, "அண்ணன் பேரையே..." என்று ஆரம்பித்தார். "அக்கா பேரப் போடுங்க" என்றாள் சரோஜா. "கடுகு வாங்கினாலும் எழுதி வைக்கறவ." நைனா கையெழுத்துப் போட்டார். மை காய்ந்தது. ஃபாரத்தை வரதராஜுலு அவளிடம் நீட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் கையில் கொடுத்து, "படிக்கா" என்றாள். படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

"இப்போ சம்மதமாம்மா?" என்றார் ரிஜிஸ்திரார்.

சரோஜா உன் காலைத் துணிக்குள் இழுத்து மூடினாள். நீ மறுபடி வெளியே நீட்டினாய். மறுபடி மூடினாள். வெளியே அரோகரா சத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் முருகனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவளுக்கு நல்ல வார்த்தை இல்லை. அந்த நேரம் பார்த்து உன் நைனா, யார் கேட்டார்களோ, அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, "சரோஜா, மனசு இல்லன்னா சொல்லிடும்மா. ஒண்ணும் குத்தமில்ல. நானே அரக்கோணம் வந்து புள்ளயோட உன்ன வண்டி ஏத்தி உட்டுட்டு வரேன்" என்றார்.

நான் பின்னாலிருந்து அவர் முதுகில் கிள்ளினேன். சாதாரணக் கிள்ளு இல்லை. அந்தத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது. அவர் "ஸ்" என்று கூடச் சொல்லவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "தறி நின்னதுலேர்ந்து எல்லாரும் என்னை இங்க வா, அங்க போன்னு சொல்லிகினேதான் கீறாங்க பாவா. உனக்கு இஷ்டமான்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். மூக்கைச் சிந்தினாள். முனுசாமியைக் கூப்பிட்டு அவன் கையையும் உனக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருமாக எழுந்து வந்து என் முன்னால் நின்றார்கள். "புடிக்கா. கழுத்துக்குக் கை குடு, தலை இன்னும் நிக்கல. ராத்திரில கால் சில்லுன்னு ஆவும், பாத்துக்க." நான் கழுத்துக்குக் கை கொடுத்தேன். நீ அந்த நேரம் பார்த்து அத்தனை பேர் முன்னாலும் என் புடவையை நனைத்தாய். "கைமாற்றம் ஆச்சு" என்றார் ரிஜிஸ்திரார், எழுதிக்கொண்டே.

அவர்கள் இரண்டு பேரும் பெருவிரல் ரேகை வைத்தார்கள். மை துடைக்கத் துணி கொடுப்பதற்குள் சரோஜா குனிந்து உன் கன்னத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டாள். கறுப்பாக, வட்டமாக, திருஷ்டிப் பொட்டு. பத்திரத்தில் இருக்கிற அதே ரேகை. அது கழுவினாலும் போகாத மை. இரண்டு மூன்று நாள் உன் கன்னத்தில் இருந்தது. நான் அந்த இடத்தில் சோப்புப் போடவில்லை. அடுத்த கிருத்திகைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். குருக்கள் வழக்கம்போல் கை நீட்டினார். "இல்ல சாமி, இப்போ எனக்கு அதிகாரம் இருக்கு, ஆனா குடுக்கறதா இல்ல. ஒரு பார்வ பாத்துகினா போதும்னு சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முருகன் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு அம்மை கூட லேசாகத்தான் போட்டது. அந்த பாலிசிப் பணத்துக்கு வேலை வராமலேயே அது முதிர்ந்து, உன் கல்யாணத்துப் பந்தலாகிவிட்டது. சரோஜா வந்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்தப் பந்தலில்தான்.

ஆகவே வள்ளி, நீ கேட்டவற்றுக்கு வருகிறேன். எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே; ஆனால் சந்தேகம் இருந்தால் ஆபீசர் முன்னால் போய் நிற்பதற்கு முதல் நாளே கேட்டுவிடு, என்னைப்போல் அங்கே போய்க் கேட்காதே. நகல் எடுத்து வை. பிள்ளைக்கு இன்சூரன்ஸ் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பெயரிலும் உன் பெயரிலும் போடுங்கள். நீதான் சம்பாதிக்கிறவளாயிற்றே, உனக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. மாப்பிள்ளையின் பழைய பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே கேள். அவர் முகம் சுளித்தால் நான் கேட்கச் சொன்னதாகச் சொல். மலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எல்லாம் ரிஜிஸ்தர் ஆன பிறகு கொண்டு வா, நான் கூட ஏறுகிறேன். நைனா கீழே உட்கார்ந்திருப்பார்.

இதற்கெல்லாம் மேலே உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. குழந்தையைப் பெறப்போகிற அந்தப் பெண்ணை நீங்கள் பார்க்கவே வேண்டாம், பிறந்ததும் நர்சம்மாவே குழந்தையைக் கொண்டுவந்து காரில் கொடுத்துவிடுவாள், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். டாக்டர் படித்தவர். அவர் சொல்லுக்கு மேல் நான் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். காரில் உட்கார்ந்திருக்காதே. இறங்கி உள்ளே போ. பையையும் ஃபைலையும் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக அவள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார். சாப்பிட்டாளா என்று கேள். மனசு இல்லை என்றால் சொல்லிவிடலாம், ஒரு குற்றமும் இல்லை என்று சொல். சொல்லும்போது உன்னைக் கிள்ள அங்கே நான் இருக்கமாட்டேன். இருந்தாலும் இந்தத் தடவை கிள்ளமாட்டேன். அவள் கொடுத்தால், கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கு. கொடுக்கவில்லை என்றால், அவளுக்கும் பிள்ளைக்கும் திருஷ்டி கழித்துவிட்டு, வெறுங்கையோடு இரண்டு பேரும் வண்டியேறி இங்கே வந்துவிடுங்கள். நான் உலை வைத்திருப்பேன்.

உன் அம்மா.